கொப்பி உள்ளே இருக்கும்போது கேட்ட கேள்வி

நடந்ததை முதலில் வரிசைப்படி சொல்லிவிடுகிறேன்.

1. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் மூன்று குழந்தைகள் கிளினிக்குகளில், பிள்ளைகளைக் கொண்டு வந்த பெற்றோரிடம், இங்கு கிடைக்கும் கவனிப்புக்கு ஐந்தில் எத்தனை புள்ளி தருவீர்கள் என்று கேட்டேன்.

2. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் குடும்பங்களின் குடியிருப்பில் ஏறத்தாழ எல்லாரும் ஐந்து தந்தார்கள். பட்டினத்துக் கிளினிக்கில் பெரும்பாலும் இரண்டும் மூன்றும் விழுந்தன. மீனவர் கிராமத்தில் கூடியதும் குறைந்ததும் கலந்திருந்தன.

3. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் குடும்பங்களின் பின்னணி என்று அறிக்கை எழுதினேன்.

4. அந்த அறிக்கையை வைத்து, குடியிருப்புக்கு டொக்டர் வரும் புதன்கிழமைகளைப் பட்டினத்துக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள்.

5. ஐந்து தந்த தாய்மாரில் ஒருவர் என் மேசைக்கு வந்து, தான் தந்த புள்ளியை மாற்ற முடியுமா என்று கேட்டார்.

6. அந்தப் புதன்கிழமைகளை மாற்றும் கடிதத்தில் கையெழுத்து விழ நான்கு நாட்கள் இருந்தன.

கிளினிக்குகளில் ஆய்வெடுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் படிவத்தை எப்படி நிரப்புவது, கணினியில் எப்படி ஏற்றுவது என்பதையெல்லாம் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது அரை நாளில் பழகிவிடும். ஐந்து வருடம் இந்தக் கதிரையில் இருந்துவிட்டு அடுத்த மாதம் வேறு மாவட்டத்துக்குப் போகிறேன். கையேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் வைப்பதென்று தெரியாத ஒன்றை மட்டும் தனியாக எழுதுகிறேன். இதில் வரும் பெரிய பிழைகள் இரண்டு. இரண்டும் என்னுடையவை.

குடியிருப்பு கற்பிட்டி வீதியிலிருந்து கடலேரிக் களப்புப் பக்கம் இறங்கும் கிரவல் பாதையில் இருக்கிறது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்தவர்கள் ஓலைக் கொட்டில் போட்ட இடம். இப்போது கல் வீடுகள், கடைகள், பாடசாலை எல்லாம் உண்டு. பஸ் நடத்துநர் மட்டும் இன்றைக்கும் "கேம்ப் இறக்கம்" என்றுதான் கூப்பிடுவார். பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் புதன்கிழமைகளில் கிளினிக். மாதத்தில் இரண்டு புதன் நிறை பார்ப்பதும் ஊசி போடுவதும் மட்டும். மற்ற இரண்டு புதன் டொக்டரும் வருவார்.

கிளினிக்கை நடத்துபவர் ஒரு மருத்துவமாது, தாய்மாருக்கு மிட்வைப் மிஸ். ஐம்பதைத் தாண்டியவர். சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில், ஒரே சத்தத்தில் பேசுவார். பக்கத்துப் பிரிவுக்கு ஆள் போடாததால் மீனவர் கிராமத்துக் கிளினிக்கும் அவர் தலையில்தான்.

அங்கே வேலை நடக்கும் முறை இது. தாய் வந்தவுடன் பிள்ளையின் கிளினிக் கொப்பியை வாசல் மேசையில் வைக்க வேண்டும். பிறந்த நாளிலிருந்து பிள்ளையின் நிறை, போட்ட ஊசி, வந்த வருத்தம் எல்லாம் எழுதப்பட்ட கொப்பி அது. பாடசாலையில் சேர்க்கும்போதும் அதைத்தான் கேட்பார்கள். கொப்பிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். உதவிக்கு நிற்கும் பெண் அந்த அடுக்கை உள்ளே கொண்டுபோய் வைப்பார். மருத்துவமாது ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் வரும் வரை தாய்மார் வாங்குப் பலகைகளில் இருப்பார்கள். வாசலில் நிழலுக்கு ஒதுங்கும் கழுதைகளைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள்.

இந்தக் காத்திருக்கும் நேரம் எனக்கு வாய்ப்பாகத் தெரிந்தது. வேலை முடிந்து போகும்போது மறித்தால் ஒருவரும் நிற்கமாட்டார்கள், சோறு வைக்க ஓடுவார்கள். காத்திருக்கும்போது கேட்டால் ஒரே காலையில் முழுக் கிளினிக்கையும் முடிக்கலாம். அப்படியே முடித்தேன். கெட்டிக்காரத்தனமாக வேலை செய்ததாக நினைத்தேன்.

பட்டினத்துக் கிளினிக்கில் அதற்கு இடமில்லை. அங்கே இலக்கத் துண்டு கொடுப்பார்கள், கொப்பி தாயின் கைப்பையிலேயே இருக்கும். காத்திருக்கும் அறை ஒடுக்கம். ஆகவே வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் மரத்தடியில் நின்று, முடித்துக்கொண்டு வருபவர்களைப் பிடித்தேன். அவர்களில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரர் நினைவில் நிற்கிறார்.

"ஒண்டு போடுங்க மிஸ்."

"ஏன் நானா, டொக்டர் பாக்கேல்லையா?" என்றேன். அண்ணனை அங்கே நானா என்பார்கள்.

"பாத்த. நல்லாத்தான் பாத்த. நாப்பது நிமிசம் நிக்க வச்ச. கடைய மூடிட்டு வந்தவனுக்கு நாப்பது நிமிசம் எண்டா என்னெண்டு தெரியுமா?"

பின் இருக்கையில் பிள்ளையுடன் இருந்த மனைவி, "அதுல சைபர் இல்லாததால தப்பிச்சீங்க மிஸ்" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலில் நாங்கள் அச்சடித்த படிவத்தில் எண்களுக்குப் பதிலாக ஐந்து முகங்கள் இருந்தன. ஒரு பக்கம் சிரிக்கும் முகம், மறுபக்கம் அழும் முகம். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இலகு என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். குடியிருப்பில் முதல் நாள் ஒரு தாய் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அழுற மூஞ்சியில விரல வைக்கச் சொல்றீங்களா மிஸ்? புள்ள மடியில இருக்கக்குள்ள?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவருடைய விரலும் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த கிளினிக்குக்கு நான் முகங்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று குறித்துக்கொண்டேன். அன்றைக்கே நான் நின்று யோசித்திருக்கலாம். ஒரு பதில் எந்த நேரத்தில், மடியில் யாரை வைத்துக்கொண்டு சொல்லப்படுகிறது என்பதும் அந்தப் பதிலில் சேர்ந்ததுதான்.

அறிக்கையில் நான் எழுதிய வசனத்தை அப்படியே தருகிறேன். "இடம்பெயர்ந்த குடும்பங்களின் எதிர்பார்ப்பு மிதமானது, கிடைப்பதைக் கொண்டு நிறைவடைகிறார்கள். பட்டினக் குடும்பங்கள் தனியார் சேவையுடன் ஒப்பிடுவதால் குறைவாக மதிப்பிடுகிறார்கள்."

இதை நான் அலட்சியமாக எழுதவில்லை. என் பெற்றோர் யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்து புத்தளத்தில் தங்கியவர்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அம்மா வாசலில் வைத்து, "அவையள் குறை சொல்லாத மாதிரி இரு, என்ன" என்று சொல்லித்தான் உள்ளே கூட்டிப்போவார். அதனால் அந்த மண்டபத்தில் இருந்த தாய்மாரை எனக்கு உள்ளிருந்து தெரியும் என்று நம்பினேன். அவர்களிடம் கேட்கத் தேவையில்லாத ஒன்றை அவர்களுக்காக நானே எழுதிவிட்டேன். இரக்கத்திலிருந்து பிறக்கும் பிழையை நம் கண் இலகுவில் பிடிக்காது. அது நல்ல எண்ணம் போலவே இருக்கும்.

சுகாதாரப் பணிமனைக் கூட்டத்தில் அந்த வசனத்தை வாசித்தபோது எல்லாரும் தலையசைத்தார்கள். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாகப் பட்ட ஒன்றை நான் எண்களோடு சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். பட்டினத்திலிருந்து பெற்றோர் பலர் கையெழுத்திட்ட முறைப்பாடு வேறு வந்து கிடந்தது. அனுப்ப இருப்பதோ ஒரே ஒரு டொக்டர். நிறைவோடு இருப்பவர்களிடமிருந்து எடுத்து, குறைப்படுபவர்களுக்குக் கொடுப்பது நியாயமாகத் தெரிந்தது. எனக்கும்தான்.

அடுத்த வியாழக்கிழமை காலை சிஃபானா வந்தார். குடியிருப்பில் வசிப்பவர், கணவர் உப்பளத்தில் வேலை செய்கிறார். இடுப்பில் மூன்று வயது மகள் ஹனா. பிள்ளைக்கு இழுப்பு, காற்றுக் காலம் தொடங்கினால் அடிக்கடி நெஞ்சு அடைக்கும். பெரியாஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகை பிடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். முகமூடியின் விளிம்பு பதிந்த சிவப்புக் கோடு பிள்ளையின் கன்னத்தில் இன்னும் இருந்தது.

"மிஸ், என்னத் தெரியுதா?"

"ஓம். மண்டபத்தில கண்டனான்."

"அண்டைக்கு நான் அஞ்சு போடச் சொன்னன். அத மாத்தேலுமா?"

ஏன் என்று கேட்டேன்.

"நேத்து மிட்வைப் மிஸ் சொன்னா, நீங்க எல்லாரும் சந்தோசமெண்டு சொல்லியிருக்கீங்க, அதால டொக்டர் இனி டவுனுக்குப் போறா எண்டு. நல்லமெண்டு சொன்னதுக்கா மிஸ் எடுக்கிறாங்க?"

கதிரையை இழுத்து இருக்கச் சொன்னேன்.

"டொக்டர் வராட்டி என்ன செய்வீங்க?"

"இங்க பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு வரணும். மெயின் ரோட்டுக்கு நடை, பிறகு பஸ், இறங்கி த்ரீவீல். இவளுக்கு மூச்சு முட்டக்குள்ள பஸ்ஸுக்கு நிக்கேலாது மிஸ். இண்டைக்கு ஒரு லொறிக்காரர் ஏத்திக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நாளும் லொறி வருமா? அந்த டொக்டர்தான் இவட நெஞ்சுல குழல வச்சுப் பாத்துட்டு, இது சும்மா சளித் தடிமன் இல்ல எண்டு முதல்ல சொன்னவ."

"அப்ப டொக்டருக்கு அஞ்சு சரிதானே? எதை மாத்தச் சொல்றீங்க?"

"டொக்டருக்கு ஆறு போடுங்க. நான் சொல்றது நீங்க கேட்ட அண்டைக்கு நடந்தத. ஏழரைக்கு வந்து முதல் கொப்பி வச்சது நான். கூப்பிட்டது பதினொண்டரைக்கு. இவள் மடியில இழுத்துக்கொண்டு கிடக்கிறாள். உள்ளுக்குப் போனா, டொக்டர் ஒபிஸ் வான் வண்டியில ஏறிட்டா."

"முதல் வந்தவங்களை ஏன் கடைசியாக் கூப்பிடுறாங்க?"

"முதல் வச்ச கொப்பி அடியில தானே மிஸ் கிடக்கும். அவ மேல இருந்து எடுக்கிறா."

நான் அந்த அடுக்கை இரண்டு காலைகள் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருந்தவள். எனக்குத் தெரியவில்லை.

"முந்தி உதவிக்கு நிண்ட ராத்தா அடுக்கத் திருப்பிப் போட்டுத்தான் உள்ளுக்குக் குடுப்பா. அவ சவூதிக்குப் போயிட்டா. இப்ப நிக்கிற புள்ளைக்கு அது தெரியா. எங்கட ஆக்கள் இப்ப பிந்தித்தான் வாறது. முதல் வரப் பயம். எனக்கு அது அண்டைக்குத்தான் விளங்கினது."

"நான் கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாமே?"

சிஃபானா என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"கொப்பி உள்ளுக்குக் கிடக்கக்குள்ள என்னத்த சொல்றது? நான் ஒண்டச் சொல்லி, அது அவட காதுல விழுந்து, எங்கட கொப்பி இன்னும் கீழ போனா? அடியில கிடந்தது இன்னும் எங்க போறதெண்டு கேக்காதீங்க. போகும்."

அறிக்கை மேசையிலேயே கிடந்தது. மறைப்பது சரியாகப் படவில்லை. அந்த வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஹனா என் பேனையை எடுத்து மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சிஃபானா அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"வந்தது எங்கட உம்மா. நான் இங்க பொறந்தவ. கிடைச்சது போதுமெண்டு நான் எப்ப சொன்னன்?"

அவர் போன பிறகு படிவங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். ஒவ்வொரு படிவத்திலும் கேள்வி கேட்ட நேரத்தை எழுதுவது எங்கள் வழக்கம். நல்ல வேளை. மீனவர் கிராமத்துப் படிவங்களை மட்டும் தனியாகப் பிரித்தேன். அங்கே இரண்டு நாள் போயிருந்தேன். முதல் நாள் வழக்கம்போலக் காத்திருந்தவர்களிடம் கேட்டேன். இரண்டாம் நாள் மழை. கொட்டகை ஒழுகியதால், முடித்துக்கொண்டு வந்தவர்களை மாதா கோயில் விறாந்தையில் வைத்துக் கேட்டேன். முதல் நாள் ஐந்தும் நான்கும். இரண்டாம் நாள் மூன்றும் இரண்டும். அதே ஊர், அதே கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள், அதே மருத்துவமாது, அதே கொப்பி அடுக்கு. மாறியது ஒன்றுதான்: முதல் நாள் கொப்பி உள்ளே இருந்தது, இரண்டாம் நாள் தாயின் கையில் இருந்தது.

பின்னணி என்று நான் பெயர் வைத்தது பெரும்பாலும் இதைத்தான். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹார்ட்வெயார் கடைக்காரர் அந்தக் கிளினிக் பிடிக்காவிட்டால் பின்னேரம் தனியார் டிஸ்பென்சரிக்குப் போவார். வேறு கதவு உள்ளவருக்கு ஒன்று என்று சொல்லும் வசதி இருக்கிறது. சிஃபானாவுக்கு அந்த மண்டபத்தின் கதவு ஒன்றுதான். குடும்பங்களின் பின்னணி புள்ளியை மாற்றுவது உண்மை. ஆனால் நான் எழுதிய விதமாக அல்ல. அதிகப் புள்ளி தந்தது எதிர்பார்ப்பு குறைந்தவர்கள் அல்ல. இழக்கப் பயந்தவர்கள் தந்தார்கள்.

அன்று பின்னேரம் என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பேசாமல் இருந்துவிட்டு அடுத்த வருட ஆய்வில் முறையைத் திருத்துவது. இரண்டு, டொக்டரிடம் வாய்மூலம் சொல்லி அவர் தீர்மானத்துக்கு விடுவது. மூன்று, எழுத்தில் கொடுப்பது. முதலாவதை ஒரு மணி நேரத்துக்கு மேல் யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. என் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிய இருந்தது. சொந்த அறிக்கையைத் தானே பிழை என்று சொல்பவளை யார் திரும்ப எடுப்பார்கள் என்ற பயம் இருந்தது. ஆனால் அடுத்த காற்றுக் காலம் அடுத்த வருட ஆய்வுக்கு முன்னால் வந்துவிடும். அந்தக் கணக்கைப் போட்டதும் முதலாவது வழி தானாக விழுந்தது.

ஒரு பக்கத்தில் எழுதினேன்: என்ன கேட்டேன், எப்போது கேட்டேன், அந்த நேரம் கொப்பி எங்கே இருந்தது, முதல் வைத்த கொப்பி அடியில் கிடப்பதாக ஒரு தாய் சொன்னது, புள்ளிகளிலிருந்து என்ன முடிவு எடுத்தேன், அந்த முடிவை இப்போது ஏன் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை அதை டொக்டரிடம் கொண்டுபோனேன். குடியிருப்புக்கு வருபவரும் பிரிவுக்குப் பொறுப்பானவரும் அவரேதான். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண்மணி, இங்கே வேலைக்கு வந்து தமிழ் பழகியவர். தங்கை என்ற அர்த்தத்தில் என்னை நங்கி என்று கூப்பிடுவார். இரண்டு தரம் வாசித்தார்.

"நங்கி, நீ சொல்றது என்ன? அறிக்கை பிழையா, கிளினிக் பிழையா?"

"அறிக்கை பிழை டொக்டர். கிளினிக் எப்படி எண்டு எனக்கு இன்னும் தெரியாது."

"தெரியாது எண்டு எழுதித் தருவியா?"

"கடைசி வரியில எழுதியிருக்கிறன்."

அவர் கடைசி வரியைப் பார்த்தார். "இந்த ஒபிஸ்ல இந்தச் சொல்ல நான் பேப்பர்ல கண்டதில்ல" என்றார். பிறகு, "டவுன் ஆக்கள் சொன்னது பொய்யா?"

"இல்ல டொக்டர். அவங்களுக்கும் நேரம் போகுதுதான்."

"அப்ப எனக்கு ரெண்டு உடம்பு வேணும்" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தாளைக் கோப்பின் மேல் வைத்தார். கடிதத்தை ஒரு மாதத்துக்கு நிறுத்துவதாகவும், அதற்குள் நான் திரும்பக் கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் தாளை எல்லாருக்கும் வாசிக்கச் சொல்வதாகவும் சொன்னார்.

இங்கேதான் என் இரண்டாவது பிழை. சனியும் ஞாயிறும் இருந்தன. மருத்துவமாதுவின் வீட்டுக்குப் போயிருக்கலாம், குறைந்தது ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்திருக்கலாம். எண்கள் சரியா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தத் தாள் யாருடைய வேலையைப் பற்றியது என்று நினைக்கவில்லை. குடியிருப்புத் தாய்மார் தந்த ஐந்துகளின் பிரதி ஒன்றை அவர் மண்டபத்து அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். எனக்கு அது தெரியும். கண்ணால் கண்டிருந்தேன். திங்கட்கிழமை, பத்துப் பன்னிரண்டு பேருக்கு நடுவில் இருந்து அவர் என் தாளைக் கேட்டார்.

கூட்டம் முடிந்து மருத்துவமாது என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். அவருடைய வழக்கமான சத்தம் இல்லை.

"மகள், இத்தின வருசத்துல எனக்கு எண்டு ஒருத்தர் தந்த பேப்பர் அது ஒண்டுதான். எடுக்கிறதெண்டா எடு. எடுக்க முதல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அது சரி அல்ல என்று இருவருக்கும் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே கட்டளை இதுதான்: ஒருவருடைய வேலையைப் பற்றி நீங்கள் கண்டுபிடித்ததை அவர் மற்றவர்களோடு சேர்ந்து கேட்க விடாதீர்கள். முதலில் அவரிடம் போங்கள். கதவைத் தட்டுவதற்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

புதன்கிழமை மண்டபத்துக்குப் போனேன். படிவம் கொண்டுபோகவில்லை. மருத்துவமாது என்னைக் கண்டும் காணாததுபோல ஊசிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். கொப்பி அடுக்கு உள்ளே வந்தது. அவர் அதை இரண்டு கையாலும் தூக்கி, தலைகீழாகத் திருப்பி மேசையில் வைத்தார். மேலே வந்த கொப்பியைத் திறந்து பெயரைக் கூப்பிட்டார். ஏழரையிலிருந்து காத்திருந்த ஒரு தாய் நம்ப முடியாமல் எழுந்து வந்தார்.

மருத்துவமாது கதவடிக்கு வந்து மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார்: "எத்தின மாசமா இது இப்படி நடக்குது? ஒருத்தியாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாமே?"

கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: "நீங்க ஏசுவீங்கண்டுதான் மிஸ்."

"நானா? நான் எப்ப ஏசினன்?"

அந்தக் கேள்வியே பள்ளிவாசல் வரை கேட்டிருக்கும். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு மண்டபமே சிரித்தது. அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த மாதம் முழுவதும் வீடு வீடாகப் போய்த் திரும்பக் கேட்டேன். கொப்பி அவரவர் வீட்டு அலுமாரியில் இருந்தது. தேத்தண்ணி குடிக்காமல் ஒரு வீட்டிலிருந்தும் வெளியேற முடியவில்லை. அதனால் ஒரு நாளைக்கு ஆறு வீட்டுக்கு மேல் முடியவில்லை. புள்ளிகள் இறங்கின. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராததைச் சொன்னது சிஃபானா.

"டொக்டருக்கு அஞ்சு. மிட்வைப் மிஸ்ஸிட கைக்கு அஞ்சு, அவ ஊசி போட்டா இவள் அழமாட்டாள். காத்து நிண்டதுக்கு ஒண்டு."

"அப்ப மொத்தமா எத்தினை போட?"

"அத ஏன் மிஸ் ஒண்டாக் கலக்குறீங்க?"

படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. நான் பேனையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஹனா கோழிக்குப் பாண் துண்டு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் ஒரு கேள்வியாக இருந்ததை மூன்றாக உடைத்தோம். இப்போது உங்கள் கையில் இருக்கும் படிவம் அதுதான். அதில் "கேட்ட நேரம் கொப்பி யாரிடம் இருந்தது" என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு ஒரு படிவத்தையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

திரும்பக் கேட்டதில் தெரிந்தது இவ்வளவுதான்: குடியிருப்புத் தாய்மாரும் பட்டினத்துக் கடைக்காரரும் குறைப்பட்டது ஒரே விடயத்துக்கு. இருவருக்கும் டொக்டரில் குறையில்லை. காக்க வைப்பதில்தான் குறை. நாற்பது நிமிடத்துக்கு ஒருவர் ஒன்று போட்டார். நான்கு மணி நேரத்துக்கு மற்றவர் ஐந்து போட்டார். அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறிக்கை எழுதியவள் நான்.

இன்றைய நிலைமையை எழுதி முடிக்கிறேன். திரும்பக் கேட்டதன் பிறகு எடுத்த முடிவின்படி, டொக்டர் குடியிருப்புக்கு மாதத்தில் ஒரு புதன் வருகிறார். மற்றப் புதன் பட்டினத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்டுத் தாய்மார் எழுதிய கடிதம் மேலிடத்தில் இருக்கிறது, பதில் வரவில்லை. அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்து சிஃபானாவுடையது. மருத்துவமாதுவும் கீழே கையெழுத்திட்டிருக்கிறார். பக்கத்துப் பிரிவுக்கு இன்னும் ஆள் போடவில்லை. மருத்துவமாது என்னோடு வேலை விடயமாகப் பேசுவார், மகள் என்று கூப்பிடுவதில்லை. என் பழைய அறிக்கை கோப்பில் இருக்கிறது, அதன் மேல் என் ஒரு பக்கத் தாள் குத்தப்பட்டிருக்கிறது. ஆனாலும் போன மாதம் கூட வேறொரு கூட்டத்தில் ஒருவர் அந்தப் பழைய வசனத்தைச் சொன்னார், எழுந்து திருத்தினேன். ஹனாவுக்கு மருந்து உறிஞ்சும் குழாய் ஒன்று டொக்டர் எழுதிக் கொடுத்தார், அதை வீட்டிலேயே பிடிக்கிறார்கள். இந்தக் காற்றுக் காலத்தில் அவளை இரண்டு தடவை வார்டில் வைக்க வேண்டி வந்தது. இரண்டு தடவையும் டொக்டர் வராத புதன்கிழமைகள்.